பெயர் எழுதாத கிழமை

மார்ச் 10, திங்கள்

கானாங்கெளுத்தி மட்டும்தான் கிடைத்தது. கல்மண்டபம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றேன். அன்னக்கூடை காலியாகும்போது வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது.

இந்த நோட்டு பவானி கொடுத்தது. என் மகள். அவள் பாதி எழுதி மிச்சம் விட்டது. "யாராண்டயும் பேசாம உள்ளயே வெச்சிகினு கீற. எழுதிப் பாரும்மா, கொஞ்சம் எறங்கும்" என்றாள். ஐந்தாவது வரை படித்த கை. கோணிக்கொண்டு போகிறது. தேதி போட வேண்டுமாம், பக்கத்தில் கிழமை போட வேண்டுமாம். போட்டிருக்கிறேன்.

ஒரு கிழமையின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. மூன்றே எழுத்துதான்.

மார்ச் 11, செவ்வாய்

வியாபாரம் இல்லை. செவ்வாயில் யார் மீன் வாங்குவார்கள்? பாதி ராயபுரம் விரதம். அந்த வாய்க்கெல்லாம் மறுநாள் மீன் வேண்டும். எங்கள் பிழைப்பில் ஞாயிற்றுக்கு அடுத்த பெரிய நாள் அதுதான். ஏலத்தில் இன்றைக்கே பேசிக்கொள்கிறார்கள், நாளைக்கு சரக்கு நிற்காது என்று. நான் பேசுவதில்லை. ஒரு வருஷமாக அந்த நாளில் கூடை தூக்கியதில்லை.

சாயந்திரம் தண்ணி லாரி வந்தது. குடம், பக்கெட்டு எல்லாம் பிடித்தேன். வாசலில் இருக்கும் நீல டிரம்மை மட்டும் கவிழ்த்துக் கழுவி, காலியாகவே நிமிர்த்தி வைத்தேன். பக்கத்து வீட்டு ஜெரினா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா, வாரா வாரம் இதே வேலையா கீது? அவளவள் தண்ணிக்கு அட்ச்சிகினு சாவுறா, நீ டிரம்ம காலியா வெச்சிகினு அழகு பாக்கற."

"ஓட்டை கீதுடி" என்றேன்.

ஓட்டை இல்லை.

மார்ச் 12

வந்தான்.

மார்ச் 13, வியாழன்

நேற்று அவ்வளவுதான் எழுத முடிந்தது.

தீபன் என் மூத்த பிள்ளை. போன வருஷம் மாசி மாதம் பைபர் போட்டில் போனான். கரைக்குத் திரும்பும்போது அலை தூக்கி, கடலுக்குள் கொட்டி வைத்திருக்கிறார்களே அந்தக் கல்லில் அடித்துவிட்டது. கூட இருந்த இரண்டு பேர் பிழைத்தார்கள். செவ்வாய்க்கு மறுநாள் அது. சந்தை நாள் என்றுதான் போனான். போன மாதம் வருஷ திதி கொடுத்தோம்.

கடலிலிருந்து வந்தால் அவன் கதவைத் தட்டமாட்டான். இரண்டு கையிலும் ஏதாவது இருக்கும். எப்படியோ விரலை நீட்டி வாசல் டிரம்மில் தட்டுவான். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. டிரம் காலியாக இருந்தால் மேல் மாடிவரை கேட்கும். நிறைந்திருந்தால் சொத்தென்று அடங்கிவிடும். "இன்னாமா, தண்ணிய ரொப்பி வெச்சிட்டா நான் எப்டி உன்ன கூப்டறது?" என்பான்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்த சொந்தம் கிளம்பிப் போன பிறகு, ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. கஞ்சி காலில் கொட்டியது. அன்றைக்கு என்ன கிழமை என்று பிறகுதான் யோசித்தேன்.

அதிலிருந்து வருகிறான். எல்லா வாரமும் இல்லை. ஆனால் வந்தால் அந்த நாளில்தான் வருகிறான், படகுகள் கரை சேருகிற நேரத்தில், நல்ல வெயிலில். கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருப்பேன். திறக்கமாட்டேன்.

திறந்து, ஆள் இல்லை என்றால்?

மார்ச் 18, செவ்வாய்

இந்த சுனாமி குடியிருப்பில் என் எதிரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பாவம், எனக்கு அந்த நாள் என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரேஷன் எப்போது போடுவான் என்று கேட்டால் ஜெரினா, "நாளைக்கு... செவ்வாய்க்கு அப்பால வருதே, அன்னிக்கி" என்று வாயைப் பொத்திக்கொள்கிறாள். சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்தால் ஞாயிறு திங்கள் செவ்வாய் வியாழன் என்று தாண்டிப் போகின்றன. யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

எனக்குப் பயம் இல்லை. அதை யாரிடம் சொல்வது? வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுந்திருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

தண்டையார்பேட்டை சபீஹா வீட்டுக்கு இறால் கொண்டுபோனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம்தான் வாங்குகிறாள். இறாலை உரித்துக்கொடுக்கும்போது, "ஏன் நீலா, வாரத்துல நடு நாளு உன்ன கண்ணுலயே பாக்க முடியல?" என்றாள். நான் தலை நிமிரவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது.

"எங்கள்லயும் அந்த மாதிரி ஒண்ணு கீது. சஃபர் மாசத்துல கடைசியா வருமே, ஒடுக்கத்து —" சொல்ல வந்து நிறுத்தினாள். "அன்னிக்கி பலாய், கெட்டதெல்லாம் எறங்கும்னு எங்கம்மா சொல்லும். மாவிலைல குங்குமப்பூ கரைச்சி ஓதி எழுதுவாங்க. அத கழுவி அந்தத் தண்ணிய குடிப்போம். சாயங்காலம் கடற்கரைல போய் பில்ல மிதிச்சிட்டு வருவோம். இப்போ எம்புள்ள ஜீஷான் கீறானே, இதெல்லாம் மார்க்கத்துல இல்லவே இல்லம்மான்னு பேஜாரு பண்றான்."

"அப்போ வுட்டுட்டியா?"

"எங்க வுடறது? அவன் வேலைக்கிப் போன அப்பால குடிப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். எவ்வளவு நாள் ஆயிற்று நான் சிரித்து. வரும்போது யோசித்தேன். அவள் அந்த நாளை ஏதாவது கெட்டது வராமல் இருக்கத் தண்ணீர் குடித்துக் கழிக்கிறாள். நான் வரட்டும் என்று தண்ணீரைக் கொட்டி வைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

எண்ணூரிலிருந்து பவானியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் லோகு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறான். அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது தீபன் படத்துக்கு முன்னால் நின்று செருப்பு இல்லாத காலைச் சேர்த்து வைத்துக் கும்பிட்டான். எனக்குப் பிடித்துவிட்டது.

பவானி காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அண்ணன் இருந்திருந்தால் இந்நேரம் லோகுவைக் கிண்டல் பண்ணியே ஓட்டியிருப்பான்.

ஏப்ரல் 2

வரவில்லை. சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தேன். பவானிக்கு ஜவுளிக்கடையில் வாரத்தில் இந்த நாள்தான் லீவு. அவள் பாட்டுக்குப் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாள் குறித்துவிட்டார்கள். மே 28.

நாளை மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். லாஞ்சு, பெரிய விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். எங்கள் பக்கம் கல்யாணம் அப்போதுதான் வைப்பார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். பந்தல் போட ஆள் கிடைக்கும், சண்டை போடவும் ஆள் கிடைக்கும். தடை முடிந்தால் கடல், அப்புறம் ஆடி. அதெல்லாம் எனக்கும் தெரியும்.

தேதியைக் கேட்டதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னொரு தரம் எண்ணினேன்.

வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்றேன். எத்திராஜ் சத்தம் போடாத மனுஷன். இன்று போட்டார்.

"இன்னாமே பேசற? பொன்னு கெடைச்சாலும் அது கெடைக்காதும்பாங்க. அப்டியாப்பட்ட நாளு. பெரிய முகூர்த்தம்."

"வேற நாளு பாரு."

"ஒரு வருசமா அந்த நாள பாத்து பயந்துகினே கீற. அதுக்காவ பொண்ண வூட்லயே வெச்சிகினு இருப்பியா?"

பயமா? இவருக்கு எப்படிச் சொல்வேன். அன்றைக்கு இந்த வீட்டில் மேளம், கூட்டம், வாசல் நிறையச் செருப்பு. சமையலுக்கு டிரம் நிறையத் தண்ணீர். அவன் வந்து தட்டினால் யாருக்குக் கேட்கும்? கேட்கவில்லை என்று திரும்பிப் போனால்? அப்புறம் வராமலே போய்விட்டால்?

ஒரு தரம் போனது போதாதா?

ஏப்ரல் 16

தடை ஆரம்பித்து விட்டதால் அவர் வீட்டில் இருக்கிறார். அந்தக் கிழமையில் அவர் இப்படி நாள் முழுக்க இருந்து ரொம்ப காலம். நடு வீட்டில் வலையைப் பரப்பிப்போட்டு, கிழிசலைக் கட்டிக்கொண்டு, போனில் பாட்டு வேறு.

"ஆர்பருக்குப் போலியா?" என்றேன். "இன்னா அவசரம்?" என்றார். கதவோரம் உட்கார முடியாமல் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

தட்டவில்லை. பாட்டுச் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லையோ?

சோறு போடும்போது பார்த்தேன். காலையிலிருந்து உட்கார்ந்தவர் ஒரு கண்ணிகூடக் கட்டி முடிக்கவில்லை.

ஏப்ரல் 23

அவரைத் துறைமுகத்துக்கு விரட்டினேன், லாஞ்சுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், போய் நில்லு என்று.

வந்தான். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. கதவில் காது வைத்து, "தங்கச்சிக்கு கல்யாணம்டா" என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். வாசலில் ஈர மணல் இருந்தது. இரண்டாவது மாடிக்குக் கடல் மணல் எப்படி வரும்? யார் காலிலாவது வந்திருக்கும். நடைபாதையில் எத்தனையோ பேர் போகிறார்கள் வருகிறார்கள்.

பெருக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

யாரிடமும் சொல்லாமல் எண்ணூருக்குப் பஸ் ஏறினேன். சம்பந்தியம்மாள் காலில் விழுந்தாவது நாளை மாற்றிவிடுவது என்று.

அந்த அம்மாள் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"வா சம்மந்தி, இன்னா திடீர்னு? பொண்ணு எதனா சொல்லிச்சா?"

"நாள மாத்தணும். உங்களுக்கே தெரியும், என் புள்ள போன கெழம அது. என்னால முடியல."

அவள் என்னையே பார்த்தாள்.

"நாங்க இருவத்தி மூணு, வெள்ளிக்கெழம தானே கேட்டோம்? தீபன் போன கெழமைல வேணாம், அவங்களுக்கு கஷ்டமா இருக்கும்னு என் வூட்டுக்காரர்தான் சொன்னாரு. உம் பொண்ணுதான் லோகுக்கு போன் பண்ணி, இல்ல, அந்த நாளுதான் வேணும்னு நின்னுச்சி. உனக்குத் தெரியாதா?"

மோர் கொடுத்தாள். குடித்தேனா என்று நினைவில்லை. பஸ்ஸில் வரும்போது அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு, கண்டெய்னர் லாரி எல்லாம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. என் பெண்ணா? என் வயிற்றில் பிறந்ததா? அண்ணன் செத்த நாளிலா தாலி கேட்கிறது?

அதே நாள், சாயந்திரம்

கடையிலிருந்து அவள் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லித் திட்டினேன் என்று எழுத மாட்டேன். ஜெரினா கதவைச் சாத்திக்கொண்டாள்.

பவானி பையைக் கழற்றி வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணன் வர நாளும்மா அது. அவன் இல்லாம நான் எப்டி கல்யாணம் பண்ணிக்கறது?"

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கும் கேக்குதா?"

"மொதல்லேர்ந்து. நீ கதவாண்ட உக்காந்துகினு இருப்ப. நான் போர்வைக்குள்ள முழிச்சிகினு இருப்பேன். எல்லாரும் ஞாயித்துக்கெழம லீவு வோணும்னு முதலாளியாண்ட சண்ட போடறாங்க. நான் எதுக்கு வாரத்துல நடுவுல கேட்டு வாங்குனேன்னு நெனச்ச?"

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

மே 5, திங்கள்

பத்திரிகை வந்தது. நல்ல சிவப்பு. தேதிக்குப் பக்கத்தில் அந்த மூன்று எழுத்து கொட்டை கொட்டையாக. கட்டை விரலால் அதை மூடிக்கொண்டு மற்றதைப் படித்தேன். "இப்படிக்கு" என்று போட்டு, தீபன் பெயர் இல்லாமல் எங்கள் இரண்டு பேர் பெயர் மட்டும்.

மூலைக்கு மஞ்சள் தடவச் சொன்னார்கள். நான்கு மூலைக்கும் தடவிவிட்டு ஐந்தாவதாக அந்த எழுத்தின் மேலும் ஒரு பொட்டு வைத்தேன். எல்லாப் பத்திரிகையிலும். எத்திராஜ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னா கெழமன்னு எவனுக்கும் தெரியாதே" என்றார். "தேதி கீதுல்ல" என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. துடைக்கச் சொல்லவில்லை.

மே 7

இன்று இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம், நானும் பவானியும். அவர் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டார்.

தட்டியபோது பவானி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் தனியாக இருந்தபோது சில நேரம் நினைத்திருக்கிறேன், மூளை பிசகிவிட்டதோ என்று. இன்று அவள் விரல் என் விரலில் அதே கணக்கில் அழுத்தியது. இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

"தொறக்கலாமாம்மா?"

"வேணாம்."

"நானும் வேணாம்னுதான் நெனச்சேன்."

மே 20, செவ்வாய்

மேடையில் அண்ணன் முறைக்கு யார் நிற்பது என்று பேச்சு வந்தது. பெண்ணின் கையில் பொரி போடுவது கூடப்பிறந்தவன் வேலை. எத்திராஜின் அண்ணன் மகன் விமல் நிற்பான் என்று முடிவாயிற்று. நல்ல பையன். அவனுக்குப் புதுச்சட்டை எடுக்கப் போன இவர், கடை வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிவிட்டார். ராத்திரி பவானிதான் போய் எடுத்து வந்தாள்.

மே 29, வியாழன்

நேற்று எழுத நேரமில்லை. பவானிக்குக் கல்யாணம் முடிந்தது.

காலையில் வீட்டுக் கதவை அகலத் திறந்துவைத்து, நிலையில் மாவிலை கட்டினோம். வந்தவர்கள் கை கால் கழுவ டிரம் நிறையத் தண்ணீர் பிடித்தார்கள். விளிம்பு வரை. தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதைத் தாண்டித்தான் மண்டபத்துக்குக் கிளம்பினேன். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், வூட்ல யாரும் இல்ல, திருவொத்தியூர் மண்டபத்துக்கு வந்துடுறா.

சபீஹா வந்திருந்தாள். சம்பந்தியம்மாள் என்னைவிட்டு நகரவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐயர் முறத்தில் பொரியை எடுத்து வைத்து, "பொண்ணோட அண்ணன் வாங்கோ" என்றார்.

யாரும் வரவில்லை.

விமல் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றான். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கால் நகராமல், என்னையே பார்க்கிறான். அந்தப் பிள்ளைக்கும் அந்த இடத்தில் ஏற மனசு வரவில்லை. மேளம் நின்றிருந்தது. அவ்வளவு கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. மறுபடியும் ஐயர், "அண்ணன்..." என்று ஆரம்பித்தார்.

அப்போது கேட்டது.

இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

பவானி வெடுக்கென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நெற்றிச்சுட்டி ஆடியது. அழவில்லை. சிரித்தாள். வாயை மூடாமல், சின்ன வயதில் அண்ணன் முறுக்கு வாங்கி வந்தால் சிரிப்பாளே அப்படி. விமல் யாரோ தள்ளிவிட்ட மாதிரி மேடை ஏறினான். அவள் ஏந்திய கையில் பொரி விழுந்தது.

அப்புறம் எத்திராஜிடம் கேட்டேன், "சத்தம் கேட்டுச்சா?" என்று.

"தவுல்காரன் சும்மா கை வெச்சிருப்பான்" என்றார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தவில்காரர் அந்த நேரம் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அவரோடு வந்த பையன் யாராவது தட்டியிருக்கலாம். இருக்கலாம்.

ஜூன் 1, ஞாயிறு

வீடு பெரிசாகிவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

தண்ணி லாரி வந்தது. டிரம்மின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் குடத்தோடு படி ஏறி வந்த ஜெரினா, "புடிக்கிறியா இல்லியாக்கா?" என்றாள்.

பிடித்தேன். முழுக்க.

"ஓட்டை அடைஞ்சிட்டதா?" என்றாள். "அடைஞ்சிட்டது" என்றேன்.

ஜூன் 4

விடிவதற்கு முன்னாலேயே ஏலத்துக்குப் போனேன். என்னைப் பார்த்து ஒருத்தி கூவினாள், "அய்ய, யார்ரா இது? மழ வரப்போவுது!" லாஞ்சு மீன் இல்லாததால் பைபர் போட்டு மீனுக்கு அடிதடி. நான் ஒரு கூடை மத்தி எடுத்தேன். கொஞ்சம் கிழங்கான்.

கல்மண்டபத்தில் உட்கார்ந்ததும் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அப்புறம் யோசிக்க நேரமில்லை. செவ்வாய் முழுக்கப் பட்டினி கிடந்த ஊர் மொத்தமும் என் மேல் வந்து விழுந்தது. வெட்டிக் கொடு, கழுவிக் கொடு, தலையைப் போடாதே. சபீஹா ஆட்டோவை நிறுத்தி இறங்கினாள். மத்தியை எடுத்துக்கொண்டு என் தோளில் ஈரக் கையை வைத்துவிட்டுப் போனாள்.

படகுகள் கரை சேருகிற நேரத்துக்கு வீட்டுப் படி ஏறினேன். ஒரு கையில் அன்னக்கூடை, ஒரு கையில் மணைக்கட்டையும் கத்தியும். கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளக் கை இல்லை. நான் நினைத்துச் செய்யவில்லை, விரல் தானாக நீண்டு டிரம்மைத் தட்டியது. இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. நிறைந்த டிரம். சொத்தென்றுதான் கேட்டது.

உள்ளே இருந்து குரல் வந்தது.

"வா நைனா... கதவு தொறந்துதான் கீது."

எத்திராஜ் குரல். பிள்ளையை மட்டும்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார்.

காலால் கதவைத் தள்ளினேன். கதவுக்குப் பின்னால், நான் உட்காரும் இடத்தில், தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலை மடியிலே கிடந்தது. ஒரு முடிச்சும் போடவில்லை.

என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. வாசல் வெயில் உள்ளே கொஞ்சதூரம் வந்து விழுந்திருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவர்தான் கேட்டார்.

"மீனு எதனா மிஞ்சிச்சா?"

"எங்க மிஞ்சும்?" என்றேன். "இன்னிக்கி புதன்கெழமயாச்சே."